மூன்றாம் படியில் ததேயூஸின் குரல்

இதை நேரில் பார்த்தவர் வாயால் நான் கேட்கவில்லை. எனக்குச் சொன்னவர் பவுலினாளின் தங்கை மகள். அவர் தன் தாயிடம் கேட்டவர். அந்தத் தாயோ அந்த நாட்களில் பெரும்பாலும் மைதானச் சுவருக்கு வெளியே கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவர். ஆகவே இதில் காதால் கேட்டது அதிகம், கண்ணால் கண்டது குறைவு. நடந்ததும் முக்கால்வாசி காதுக்குரிய விஷயம்தான் என்பதால் சொல்லத் துணிந்தேன். எனக்குத் தெரியாத இடங்களைத் தெரியாது என்றே விட்டிருக்கிறேன்.

முள்ளாந்துறையில் கோயிலுக்குப் பின்னால் ஒரு மணல் மைதானம் உண்டு, மைதானத்துக்கு மேற்கே பனந்தடிகளை அடுக்கிக் கட்டிய ஒன்பது படி கேலரி உண்டு, கேலரியின் மூன்றாம் படியில் கொடிக்கம்பத்தை ஒட்டி ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு ஓர் இடம் உண்டு, அந்த இடம் ததேயூஸுக்குரியது. ததேயூஸ் ஒருநாளும் பந்தை ஒழுங்காக உதைத்தவன் அல்ல. ஆனால் கரமடி இழுக்கும்போது, அதாவது கடலில் வளைத்துப் போட்ட பெருவலையை நாற்பது ஐம்பது பேர் கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கும்போது, முன்கயிற்றில் நின்று வரி எடுத்துக் கொடுப்பவன் அவன்தான். அவன் ஒரு வரி கேட்பான், பின்னால் நிற்பவர்கள் பதில் சொல்வார்கள், பதில் சொல்லும் மூச்சில் ஐம்பது கைகள் ஒன்றாக இழுக்கும், வலை ஒரு முழம் கரைக்கு வரும். அந்தப் பாட்டையே கொஞ்சம் மாற்றி மைதானத்துக்குக் கொண்டுவந்தவனும் அவன்தான்.

"பந்து எங்கேய்?" என்பான் ததேயூஸ்.

"இங்கேய்!" என்பார்கள் நாலாயிரம் பேர்.

"மிக்கேல் எங்கேய்?" என்பான், மிக்கேல் என்பது ஊர் கிளப்பின் பெயர்.

"இங்கேய்!"

இதில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது, அது கரமடியின் சட்டம்: பதில் வராத வரியைத் தாண்டிப் போகக் கூடாது. பதில் வராவிட்டால் கை சேரவில்லை என்று அர்த்தம், கை சேராமல் அடுத்த வரிக்குப் போனால் கயிறு உள்ளங்கையை அறுத்துவிடும். ஆகவே பதில் வரும்வரை அதே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

எழுபத்தாறாம் வருடம் பிறந்தபோது நாட்டில் நெருக்கடிநிலை வந்து அரை வருடம் ஆகியிருந்தது. ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது, கூடினால் பேசக் கூடாது, பேசினால் எழுதக் கூடாது என்று உத்தரவுக்கு மேல் உத்தரவு வந்துகொண்டிருந்தது. பந்தாட்டத்துக்கு மட்டும் விலக்கு. இளைஞர்கள் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தால் வேறு எதையும் துரத்த மாட்டார்கள் என்று யாரோ ஓர் அதிகாரி நினைத்திருக்க வேண்டும். அந்த வருடம் அந்தக் கரையோரத்தில் நாலாயிரம் பேர் சட்டப்படி ஒன்றாக உட்காரக்கூடிய ஒரே இடம் அந்த ஒன்பது படிகள்தான்.

தை மாதத்தில் தனிஸ்லாஸைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் மீனவர் சங்கச் செயலாளர். வள்ளங்களை ஏற்றிவைக்கும் கரையில் எதற்காகக் கம்பிவேலி போடுகிறீர்கள் என்று மனு எழுதிக் கேட்டார், அவ்வளவுதான். ஜீப் வந்ததை ஊரே பார்த்தது. மறுநாள் அவர் மனைவி ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டபோது அப்படி யாரையும் கூட்டிவரவில்லை என்றார்கள். மேலே போய்க் கேட்டபோது அப்படி ஓர் ஆள் இருந்ததாகவே தகவல் இல்லை என்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டத்தில், பத்தாவது நிமிடத்தில், ததேயூஸ் பந்தைக் கேட்டான், பதில் வந்தது, மிக்கேலைக் கேட்டான், பதில் வந்தது, பிறகு துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "தனிஸ்லாஸ் எங்கேய்?" என்றான்.

"இங்கேய்!" என்றார்கள் நாலாயிரம் பேர்.

பழக்கதோஷம், வேறொன்றுமில்லை. வாய் சொன்ன பிறகுதான் காது கேட்டது. ஆனால் வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர், இந்தச் சட்டமெல்லாம் அவருக்குத் தெரியாது; தகவலே இல்லாத ஆள் இங்கேதான் இருக்கிறான் என்று நாலாயிரம் சாட்சிகள் ஒரே குரலில் சொல்லும்போது அவர் என்ன செய்வார்? விசில் அடித்து ஆட்டத்தை நிறுத்தி, கேலரிக்கு அடியில் ஆள் விட்டுத் தேடினார். இரண்டு வெள்ளாடுகளும் போன திருவிழாவில் தொலைந்த ஒற்றைச் செருப்பும் கிடைத்தன. கேலரி சிரித்தது. நாலாயிரம் பேர் சேர்ந்து சிரிப்பதை ஓர் உத்தரவு எவ்வளவு நேரம் தாங்கும்? மூன்றாம் நாள் காலையில் ததேயூஸின் வீட்டு வாசலில் ஜீப் நின்றது.

"சோத்த மூடி வை. வந்திருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான் ததேயூஸ். மனைவி பவுலினாள் மூடி வைத்தாள்.

விசாரணையே இல்லாமல் அடைத்துவைக்கும் மிசா சட்டத்தில் அவனைப் போட்டார்கள். மைதானத்துக்குப் புதிய உத்தரவு வந்தது: ஆட்டம் நடக்கலாம், பார்க்கலாம், கோல் விழுந்தால் கை தட்டலாம், வாய் திறக்கக் கூடாது. அப்படியே அடுத்த ஞாயிறு நாலாயிரம் பேர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பந்து காலில் படும் ஓசையும் கடல் அலையும் மட்டும் கேட்டன. பத்தாவது நிமிடத்தில், நாலு நாற்பதுக்கு, மூன்றாம் படியில் யாருமே நிற்காத இடத்திலிருந்து ததேயூஸின் குரல் எழுந்தது.

"தனிஸ்லாஸ் எங்கேய்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கொடிக்கம்பம் இருந்தது, பனந்தடி இருந்தது, நடுவில் ஒன்றுமில்லை. திரும்பவும் பந்தைப் பார்த்தார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. பதில் வராததால் குரல் மறுபடியும் கேட்டது, மறுபடியும் பதில் வரவில்லை, மறுபடியும் கேட்டது. சூரியன் கடலில் இறங்கிய பிறகுதான் ஓய்ந்தது. திங்கட்கிழமை ஆட்டம் இல்லை, ஆள் இல்லை; நாலு நாற்பதுக்குக் குரல் மட்டும் வந்தது.

ஊர் பழகிக்கொண்டது. முதல் வாரத்திலேயே பழகிக்கொண்டது. நாலு நாற்பதைக் கேட்டதும் பெண்கள் உலையில் அரிசி போட்டார்கள், கோயில்பிள்ளை ஜெபமாலை மணியை அரைமணி தள்ளி வைத்தார், மைதானத்து மூலையில் வலை பின்னுகிறவர்கள் ஒரு கேள்விக்கு ஒரு முடிச்சு என்று போட்டார்கள், வேலை சீராக நடந்தது. கேலரியில் அந்த ஆள் அகல இடத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். யாரோ அங்கே ஒரு சிவப்புத் துண்டை மடித்து வைத்தார்கள். கடலை விற்கிறவள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பொட்டலம் வைத்தாள், அதைக் காக்கை தின்றது.

அதிகாரிகளும் பழக முயன்றார்கள். மின்கம்பி இருக்கிறதா என்று தோண்டினார்கள். மூன்றாம் படித் தடியைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள்; தடி இல்லாத காற்றிலிருந்து அதே உயரத்தில் குரல் வந்தது. புதுத் தடி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒலிபெருக்கி கட்டி உழைப்பின் பெருமை பற்றிய பேச்சைப் போட்டார்கள். பேசுகிறவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் குரல் நுழைந்துகொண்டது. கடைசியில் அந்தக் கரமடிச் சட்டம் எப்படியோ அவர்கள் காதுக்கும் எட்டி, சாலைப் பணியாளர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, கேள்வி வரும்போதெல்லாம் "தெரியாது!" என்று பதில் சொல்ல வைத்தார்கள். குரல் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. தொண்டை வற்றிய பணியாளர்களுக்கு ஊர்க்காரர்களே மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

இதெல்லாம் ஊருக்குப் பெருமையாகிப் போனது. பக்கத்துக் கரைகளிலிருந்து சொந்தக்காரர்களை அழைத்துவந்து கேட்க வைத்தார்கள். "கேட்டியளா? எங்க ததேயு. உள்ள போட்டாலும் விடமாட்டான்லா!" என்று நெஞ்சைத் தட்டினார்கள். தட்டிவிட்டுப் பொரிகடலை தின்றார்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பவுலினாளுக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை சிறையில் பார்க்க விடுவார்கள், மூன்று பஸ் மாறிப் போவாள். முதல்முறை போனபோது ததேயூஸின் தொண்டை கம்மியிருந்தது. இரண்டாம் முறை பேசுவதற்குள் மூன்று தடவை இருமினான். மூன்றாம் முறை துண்டை வாயில் வைத்து எடுத்தபோது அதில் சிவப்பாக இருந்தது.

"உள்ள கிடந்து கத்துதியளோ?" என்று கேட்டாள்.

"வாயே தொறக்கலட்டி" என்றான் அவன். காற்றுதான் வந்தது. "சாயங்காலம் ஆனா தொண்ட தானா எரியுது. கயிறு இழுத்த மாதிரி."

"எத்தன மணிக்கு?"

"இங்க ஏது மணி? வெயில் அந்தச் செவுத்துல ஏறும்போ."

டாக்டர் பார்த்தாராம், ஒன்றுமில்லை என்றாராம், இப்படியே போனால் குரல் போய்விடும் என்றும் சொன்னாராம். பவுலினாள் திரும்பி வரும் வழியெல்லாம் விரல் விட்டு எண்ணினாள். ஒரு நாளைக்கு நானூறு தடவையாவது கேட்கிறது. பதில் வராத ஒவ்வொரு தடவையும் அங்கே ஒரு தொண்டை அறுபடுகிறது.

அன்றைக்கே கிளப் தலைவர் ரெமிஜியூஸ் வீட்டுக்குப் போனாள். அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், ததேயூஸுக்குத் தம்பிமுறை.

"கொழுந்தனாரே, ஞாயித்துக்கிழமை பதில் சொல்லுங்க. ஒரே ஒரு தடவ. எல்லாரும் சேந்து சொன்னா அந்த வரி முடிஞ்சிரும்லா."

"மயினி, உத்தரவு இருக்கு. எனக்கு அரசாங்கச் சம்பளம். பிள்ளேல வேற..."

"அவரு ரத்தமாத் துப்புதாரு."

ரெமிஜியூஸ் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, ஆறுதலாகத்தான் சொன்னார்: "அண்ணன்தான் கேட்டுக்கிட்டே இருக்காரே மயினி. ஊருக்காக ஒருத்தராவது கேக்காருல்லா. அது போதாதா?"

"கேக்கவன் ஒருத்தன், கேட்டு ரசிக்கவன் நாலாயிரம்" என்றாள் பவுலினாள். "உங்களுக்கெல்லாம் இது நல்ல வசதியாப் போச்சு."

வீடு வீடாகப் போனாள். எல்லோரும் நல்லவர்கள். உட்காரச் சொன்னார்கள், மீன் கொடுத்தார்கள், அழுதார்கள். இறுதியாட்டம் வரட்டும் என்றார் ஒருவர், இறுதியாட்டத்துக்குப் பெரிய அதிகாரி வருகிறார், அன்றைக்கு வேண்டாம் என்றார் இன்னொருவர், வாய்க்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சத்தியம் செய்தார் மூன்றாமவர். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவளே சுவருக்கு வெளியே நின்று "இங்கேய்!" என்று கத்தினாள். கேலரி அவளுக்குக் கை தட்டியது. உத்தரவில் கை தட்டலாம் என்று இருந்தது. குரல் அடுத்த நொடியே அதே கேள்வியைக் கேட்டது. ஒரு கை இழுத்து வலை வராது. அவள் கருவாட்டுப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஈஸ்டர் கழிந்த வாரம் காலையில் கரையில் மீன் எடுக்க நின்றாள். கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். முன்கயிற்றில் நின்ற கிழவர் செலஸ்தீன் வரி கேட்டுக்கொண்டிருந்தவர் நடுவில் இருமல் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் நின்றவன் ஒரு வார்த்தை பேசாமல், ஒரு எட்டு முன்னால் வந்து அந்த இடத்தில் கால் ஊன்றி, அவர் விட்ட வரியை எடுத்தான். செலஸ்தீன் மெல்லப் பின்னால் போய்க் கயிற்றின் வாலில் பிடித்துக்கொண்டார். கயிறு ஒரு விரற்கடைகூடப் பின்வாங்கவில்லை. பவுலினாள் பிறந்ததிலிருந்து பார்ப்பதுதான். அங்கே இழுத்த ஐம்பது பேரும் ஞாயிற்றுக்கிழமை கேலரியில் உட்காருபவர்கள்தான்.

"இடத்த விட்டுக் குடுத்து வச்சிருக்கானுவ" என்றாள் பக்கத்தில் நின்ற தங்கையிடம். "துண்டு போட்டு, கடல வச்சு. அங்க ஆளு நிக்கணும்ட்டி. ஆளு நிக்காத எடத்துலதான் அவரு வந்து நிக்காரு."

மீன்கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

இறுதியாட்டம் கல்லடித்துறை அந்தோணியார் கிளப்போடு. கல்லடித்துறைக்கும் முள்ளாந்துறைக்கும் மூன்று தலைமுறைப் பகை. பெண் கொடுப்பார்கள், எடுப்பார்கள், பந்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பந்தலில் பெரிய அதிகாரி மாலையோடு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் லத்தி. ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் பவுலினாள் ஆண்கள் வாசல் வழியாக நுழைந்து கேலரிப் படியில் ஏறினாள்.

"மயினி, மயினி" என்று ஓடிவந்தார் ரெமிஜியூஸ். "பொம்பளேல் இங்க ஏறப்பிடாது. வழக்கம் இல்லல்லா."

"எடம் வெறுதே கெடக்கு. உங்க யாருக்கும் வேண்டாமே?" என்றாள். சிவப்புத் துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினாள், கடலைப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தாள், கொடிக்கம்பத்தை ஒட்டிக் காலை ஊன்றி நின்றாள்.

நாலு நாற்பது ஆனது. குரல் வரவில்லை. எழுபத்தைந்து நாளில் முதல்முறையாக அது வரவில்லை. கேலரி முழுக்க ஒரு பதற்றம் ஓடியது; ஒருவர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். பவுலினாள் வயிற்றிலிருந்து மூச்சை எடுத்தாள்.

"தனிஸ்லாஸ் எங்கேய்?"

பதில் இல்லை. பந்தலில் பெரிய அதிகாரி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவள் மறுபடி கேட்டாள். பதில் இல்லை. மூன்றாவது தடவை, நான்காவது தடவை. நாலாயிரம் பேர் தங்கள் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது தடவை அவள் குரல் உடைந்தது, உடைந்த குரலிலேயே ஏழாவது தடவை கேட்டாள், இரண்டு போலீஸ்காரர்கள் படியேறத் தொடங்கினார்கள்.

அப்போது மைதானத்தின் கிழக்கே, மணலில் உட்கார்ந்திருந்த கல்லடித்துறைக்காரர்களில் ஒருவன் எழுந்து நின்று கைகளை வாயருகே குவித்தான்.

"ஓய் முள்ளாந்துறை! என்ன ஓய், முள்ளு தொண்டையில மாட்டிப்போச்சா? உங்க ஊரு வரிக்கு நாங்கதான் பதில் சொல்லணுமா?"

கல்லடித்துறை சிரித்தது. எட்டாவது தடவை அவள் கேட்டபோது, நையாண்டியாகத்தான், எண்ணூறு பேர் ஒன்றாகச் சொன்னார்கள்: "இங்கேய்!"

ஜீப்பைப் பொறுத்த ஊர், கம்பிவேலியைப் பொறுத்த ஊர், ததேயூஸ் ரத்தம் துப்புவதைக்கூடப் பொறுத்துக்கொண்டு பொரிகடலை தின்ற ஊர், தங்கள் வரிக்குக் கல்லடித்துறைக்காரன் பதில் சொல்வதைப் பொறுக்க முடியாமல் எழுந்தது. முதலில் எழுந்தவர் ரெமிஜியூஸ், பொட்டலத்தைக் கீழே எறிந்துவிட்டு, "யார் வரிக்குலே யாரு பதில் சொல்லுதது?" என்று அலறினார். ஒன்பது படிகளும் எழுந்தன.

"தனிஸ்லாஸ் எங்கேய்?"

"இங்கேய்!"

சுவருக்கு வெளியே காயப்போட்ட கருவாட்டிலிருந்து காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள், பந்து தானாக உருண்டு போய்க் கோலுக்குள் விழுந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. வரி முடிந்துவிட்டதால் பவுலினாள் சட்டப்படி அடுத்த வரிக்குப் போனாள்.

"ததேயூஸ் எங்கேய்?"

"இங்கேய்!" என்றது மேற்கு, "இங்கேய்!" என்றது கிழக்கு, யார் உரக்கச் சொல்கிறார்கள் என்ற போட்டியில் இரண்டு ஊர்க்காரர்களும் என்ன சொல்கிறோம் என்பதையே மறந்துவிட்டார்கள் என்றும், மறக்கவில்லை, சாக்கு கிடைத்தது என்று பிடித்துக்கொண்டார்கள் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

பிறகு தடியடி நடந்தது. பவுலினாளுக்குத் தலையில் நாலு தையல். ரெமிஜியூஸுக்கு வேலை போனது. இரண்டு ஊரிலுமாக முப்பத்தேழு பேரை ஏற்றிக்கொண்டு போய், ஒன்பதாம் நாள் விட்டுவிட்டார்கள். 'இங்கே' என்று சொன்னது எந்தப் பிரிவில் குற்றம் என்று எழுதத் தெரியவில்லையாம். அதற்குப் பிறகு நாலு நாற்பதுக்கு மூன்றாம் படியிலிருந்து குரல் வரவே இல்லை. அடுத்த முறை சிறையில் பார்த்தபோது ததேயூஸின் துண்டு வெள்ளையாக இருந்தது.

மறுவருடம் பங்குனியில், நெருக்கடிநிலை முடிந்து எல்லோரையும் விட்டபோது அவனையும் விட்டார்கள். உயிர் இருந்தது, தொண்டை பாதிதான் மிஞ்சியிருந்தது. பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும். மாலை போட வந்தவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போனார்கள்.

"அப்ப இனி அந்தச் சத்தம் வராதோ? என் மச்சினன் கேக்கணும்னு ஆசப்பட்டான்" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

"ஆசையிருந்தா அவரயே வந்து கத்தச் சொல்லும்" என்றாள் பவுலினாள். "கேட்டவருக்குப் பதில் கெடச்சா சத்தம் எதுக்கு வரும்? தனிஸ்லாஸ் வந்தாச்சா? வரலல்லா? எல்லாம் முடிஞ்ச மாதிரி பட்டாசு போடுதியளே!"

தனிஸ்லாஸ் வரவில்லை. தேர்தல் வந்தது, ஆட்சி போனது, கம்பிவேலி மட்டும் அப்படியே இருந்தது, வலை காயப்போட வசதியாக இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார்கள். அதன் பிறகு நடந்த ஒவ்வொரு ஆட்டத்திலும் மூன்றாம் படியில் இரண்டு பேர் நின்றார்கள் என்கிறார் எனக்குச் சொன்னவர்: ததேயூஸ் மனைவியின் காதில் வரியைச் சொல்வான், அவள் கேட்பாள், கேலரி பதில் சொல்லும். பந்தைக் கேட்பாள், மிக்கேலைக் கேட்பாள், மூன்றாவதாகத் தனிஸ்லாஸைக் கேட்பாள். வருடம் போகப் போக அந்த மூன்றாம் வரிக்கு மட்டும் பதில் கொஞ்சம் மெலிந்துகொண்டே வந்தது. அவள் பதில் போதுமான அளவு வரும்வரை அதிலேயே நிற்பாள். சில நாட்களில் அங்கேயே இடைவேளை வந்துவிடும்.

இதை எழுதுவதற்கு முன் என்னால் முடிந்த ஒன்றை மட்டும் சரிபார்த்தேன். நூலகத்தில் பைண்டு செய்து வைத்திருந்த அந்த வருடத்து நாளிதழில், இறுதியாட்டத்துக்கு மறுநாள், மூன்றே வரியில் ஒரு செய்தி இருக்கிறது: முள்ளாந்துறையில் நடந்த கால்பந்து இறுதியாட்டம் பலத்த மழையால் கைவிடப்பட்டது. மழை அளவுப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். அன்றைய தேதிக்கு நேராகச் சுழியம் போட்டிருந்தது. அதற்கு முந்தைய பன்னிரண்டு நாட்களுக்கும் சுழியம்தான்.